செல்போனுக்கு யார் பொறுப்பு?

நியூயார்க் நகரப் பள்ளிகளின் செல்போன் தடை, செல்போன் பரவுவதற்கு முன்பே பிறந்தது. பேஜர் முதலிய தகவல் கருவிகளைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது என்று 1988-ல் கல்வி வாரியம் ஒரு விதி வகுத்தது. பல ஆண்டுகள் அது ஏட்டளவில் கிடந்தது. 2006-ல் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் நிர்வாகம், ஆயுதங்களைக் கண்டுபிடிக்க மெட்டல் டிடெக்டர்களை முன்னறிவிப்பில்லாமல் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆயுதங்களைவிட அதிகம் சிக்கியவை செல்போன்கள்தான். ஆயிரக்கணக்கில் பறிமுதலாயின.

பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். சுரங்க ரயிலில் தனியாகப் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகளின் நகரம் அது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் அச்சமும் நீங்கியிருக்கவில்லை. சில பெற்றோர் நீதிமன்றம் சென்றார்கள். தடை செல்லும் என்றே 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. வாசலில் நிரந்தரமாக மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த பள்ளிகளின் முன்னால், செல்போன் காக்கும் வண்டிகள் வந்து நின்றன. ஒரு போனுக்கு நாளொன்றுக்கு 1 டாலர் கட்டணம். ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் என்றால் 180 டாலர். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், கறுப்பின, லத்தீன் மாணவர்கள். டிடெக்டர் இல்லாத பள்ளிகளிலோ, வெளியே எடுக்காதவரை யாரும் கேட்கவில்லை. ஒரே விதி; தண்டம் கட்டியது மட்டும் இல்லாத வீட்டுப் பிள்ளை. இந்த அநீதியைச் சுட்டிக்காட்டித்தான் அடுத்த மேயர் பில் டி பிளாசியோ 2015 மார்ச்சில் தடையை நீக்கினார். போனை என்ன செய்வதென்று அந்தந்தப் பள்ளியே முடிவு செய்யலாம் என்றானது.

அதன் பிறகு சுமை ஆசிரியர் தலையில் விழுந்தது. பையில் இருக்கலாம், வகுப்பில் எடுக்கக் கூடாது என்ற விதியை ஒவ்வொரு பாடவேளையிலும் அவரே காக்க வேண்டியிருந்தது. ஒருவர் கண்டிப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். மாணவர்கள் அதை ஒரே வாரத்தில் கணித்துவிடுவார்கள்.

2025 மே மாதம் நியூயார்க் மாநில ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்ட சட்டம், மாநிலம் முழுவதும் பள்ளி தொடங்கும் மணியிலிருந்து முடியும் மணிவரை, உணவு இடைவேளை உட்பட, இணையம் உள்ள சொந்தக் கருவிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2025 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் தடை உண்டு; இணையமில்லாத சாதாரண போனுக்கு இல்லை. கருவிகளை எங்கே வைப்பது என்பதைப் பள்ளிகளே தீர்மானிக்கலாம்.

வழிகள் சில. லாக்கரில் வைப்பது செலவில்லாதது. ஆனால் பழைய கட்டடங்கள் பலவற்றில் லாக்கரே இல்லை. காலையில் வாங்கி மாலையில் கொடுப்பதென்றால், நூற்றுக்கணக்கான போன்களை அடையாளமிட்டு வைக்க ஆள் வேண்டும். உடைந்தால், தொலைந்தால் பள்ளி பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது, காந்தப் பூட்டுப் பை. போன் மாணவரிடமே இருக்கும். பள்ளி விட்டுப் போகும்போது வாசலில் உள்ள காந்தத்தில் தட்டினால்தான் பை திறக்கும். இதை ஏமாற்ற, பழுதான பழைய போன் ஒன்றைப் பைக்குள் போட்டுவிட்டு நல்லதை ஒளித்துவைக்கும் பிள்ளைகளும் உண்டு. எந்தப் பூட்டுக்கும் பெரியவர்களின் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

இந்தச் சட்டத்தின் மதிக்கத்தக்க பகுதி அதன் விலக்குகளில் இருக்கிறது. சர்க்கரை அளவைப் போனில் பார்க்கும் மாணவர், மொழிபெயர்ப்பு தேவைப்படும் புலம்பெயர் மாணவர், வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் மாணவர் ஆகியோருக்கு அனுமதி உண்டு. போன் பார்த்த ஒரே காரணத்துக்காக யாரையும் இடைநீக்கம் செய்யக் கூடாது. அவசரத்தில் பெற்றோர் பிள்ளையைத் தொடர்புகொள்ளப் பள்ளி ஒரு வழி ஏற்படுத்தித் தர வேண்டும். பிள்ளையைத் தொடர்புகொள்ள ஒரு வழி வேண்டும் என்பதே 2006-லும் பெற்றோரின் கோரிக்கை.

தடையால் படிப்பு உயருமா? இங்கிலாந்தின் 4 நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஆய்வில், தடைக்குப் பின் தேர்வு மதிப்பெண் கூடியது. பெரும்பயன் பெற்றவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள். முன்வரிசை மாணவர்களிடம் மாற்றமில்லை. ஸ்வீடனில் இதே முறையில் நடந்த ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. 30 இங்கிலாந்துப் பள்ளிகளை ஒப்பிட்டு பர்மிங்காம் பல்கலைக்கழகம் 2025-ல் வெளியிட்ட ஆய்வு, தடையுள்ள பள்ளி மாணவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை என்றது. பள்ளி நேரத்தில் குறைந்த பயன்பாடு, நாள் முழுவதுமான மொத்த நேரத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. வகுப்பறையின் கவனத்தைப் பள்ளி காக்கலாம். மாலை நான்கு மணிக்குப் பின் உள்ள நேரம் வீட்டின் பொறுப்பில் இருக்கிறது.