பழைய மடிக்கணினிக்குப் புதிய நினைவு

பத்தாண்டு உழைத்த மடிக்கணினி ஒன்று, பொத்தானை அழுத்திய பின் கண்விழிக்கவே இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளுமாயின், 'இதற்கு வயதாகிவிட்டது' என்று கூறி அதனைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலும் அங்கே தளர்ந்திருப்பது கணக்கிடும் பகுதியன்று. செய்திகளைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க், அதாவது வன்தட்டு, என்னும் ஓர் உறுப்பே. அவ்வுறுப்பு ஏன் தாமதிக்கிறது, அதனை மாற்றுவது எங்ஙனம், மாற்றுமுன் காக்க வேண்டியது எது என்பவற்றை இங்கே காண்போம்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அக்கருவி தாங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. பின்னர் வந்த தட்டுகள் உள்ளங்கையில் அடங்கிக்கொண்டு, அதைப்போல் இலட்சம் மடங்குக்கு மேல் தாங்கின. எனினும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. ஒரு கரம் அதன்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து படிக்கிறது. கிராமபோனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிராமபோனில் ஊசி தட்டைத் தொடும். இங்கோ படிக்கும் முனை மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதக்கும். அது தட்டை உரசினால் பதிவுகள் அழியும். ஓடும் மடிக்கணினியைத் தடாலென்று வைக்கலாகாது என்பதன் காரணம் இதுவே.

இனி ஒரு சிறு கணக்கு. மடிக்கணினித் தட்டுகளுள் பல, நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்பவை. அஃதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும்; அது ஐந்தரை மில்லிவினாடி. கரம் நகர்வதற்கு 12 மில்லிவினாடி அளவில் ஆகும். ஆகவே ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 17 அல்லது 18 மில்லிவினாடி செல்கிறது. கணினி விழித்தெழும்போது தட்டில் சிதறிக் கிடக்கும் 6,000 துணுக்குகளைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். தேடுவதற்கே நூறு வினாடிக்கு மேல் கழிந்துவிடும்!

எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கரமும் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்பார் 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைத்துச் செய்தியைப் பதிக்கும் முறை இது. ஒரு தேடலுக்கு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கே ஆகும் என்றாலும், மேற்கூறிய 6,000 துணுக்குகளும் ஒரு வினாடிக்குள் கிடைத்துவிடும். கணினி இளமை பெற்றதுபோல் தோன்றுவதன் மருமம் இதுதான்.

மாற்றத் தொடங்குமுன் செய்யவேண்டிய தலையாய வேலை படி எடுத்தல். தட்டு பழுதானால் வேறொன்று வாங்கலாம். மூன்று மாதம் முயன்று எழுதிய ஆய்வேட்டையும், மறைந்த பாட்டியின் நிழற்படத்தையும் எக்கடையில் வாங்குவது? தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை எழுமாயின் அது ஆபத்தின் அறிகுறி. அந்நிலையில் மீண்டும் பெறவியலாத கோப்புகளை மட்டும் முதலில் வேறிடத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தட்டு நலமாக இருப்பின், புதிய சேமிப்பகத்தை யு.எஸ்.பி. வழியாக இணைத்து, உள்ளதனைத்தையும் அப்படியே அதில் படியெடுக்கலாம்.

வாங்குமுன் பொருத்தம் பார்த்தலும் வேண்டும். இரண்டரை அங்குல சாட்டா இணைப்புள்ள கணினிகளுக்கே இம்மாற்றம் எளிது. அதற்கும் முற்பட்டவற்றில் 44 ஊசிகள் கொண்ட வேறுவகை இணைப்பு இருக்கும். தடிமனும் 9.5 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என வேறுபடும். எடுத்துக்காட்டாக, லெனோவோ நிறுவனம் 2011-இல் வெளியிட்ட திங்க்பேடு எக்ஸ்220 மடிக்கணினி 7 மில்லிமீட்டர் தட்டையே ஏற்கும்.

அதில் மாற்றும் முறை மிக எளிது. கணினியை முற்றிலும் நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் நீங்க, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுக்கொள்வது நலம். பக்கவாட்டு மூடியைப் பிடித்திருப்பது ஒரே திருகாணி. திருப்புளியால் அதைக் கழற்றினால் மூடி வந்துவிடும். தட்டில் ஒட்டியுள்ள நாடாவைப் பற்றி மெல்ல இழுத்தால் தட்டு வெளிவரும். அதன் இருபுறமும் உள்ள இரப்பர்ப் பட்டைகளைப் புதியதற்கு அணிவித்து, அதே வழியில் உள்ளே தள்ளி, மூடியை முடுக்கிவிடலாம். எங்கும் வலிந்து அழுத்தலாகாது.

வெளியே எடுத்த பழைய தட்டை உடனே விற்றுவிடாதீர்கள். புதியது செவ்வையாக இயங்குவதைச் சில வாரம் பார்த்த பின்னரே அதைப்பற்றி முடிவு செய்க. கோப்பை அழித்தால் அதன் முகவரியே முதலில் நீங்கும். எழுத்து தட்டில் அப்படியே இருக்கக்கூடும். ஆதலின் பிறர் கையில் கொடுக்குமுன் தட்டு முழுவதையும் மேலெழுதி அழித்தல் வேண்டும்.

இம்மருந்துக்கும் எல்லை உண்டு. கணக்கிடும் பகுதி இதனால் வேகம் பெறாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்தது. எக்ஸ்220 போன்றவை விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளை நிறைவு செய்யா. லினக்ஸ் போன்ற ஒன்றே அவற்றுக்கு ஏற்ற வழி. மேலும் எஸ்.எஸ்.டி. பழுதாகும்போது முன்கூட்டி ஓசை எழுப்பி எச்சரிப்பதில்லை. ஆகவே எத்தகைய கருவியில் எழுதினாலும், உங்கள் உழைப்பின் படியொன்று பிறிதோரிடத்தில் என்றும் இருக்கட்டும்.