குகைக்குள் சென்ற வெளிச்சம்

மெக்சிகோவின் யுகத்தான் சுண்ணாம்புப் பாறைப் பூமி. அதன் வடபகுதியில் ஆறு என்று சொல்ல ஒன்றும் ஓடுவதில்லை; பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. தண்ணீருக்காகக் குகைக்குள் இறங்கிய மாயா மக்களுக்கு அந்தக் குகையே மழைத் தெய்வமான சாக்கின் இருப்பிடமாகவும் முன்னோரிடம் போகும் வாயிலாகவும் இருந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பாத்திரம் வைத்துப் பிடித்துச் சடங்குக்கென்று எடுத்துவைத்தார்கள். இருட்டும் எளிதில் போய்ச்சேர முடியாமையும் அந்த இடங்களின் புனிதத்தோடு கலந்தவை. அங்கே வெளிச்சத்தைக் கொண்டுபோவது அன்றும் சிறிய காரியமாக இருக்கவில்லை, இன்றும் இல்லை.

1841-இல் பயண எழுத்தாளர் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸும் ஓவியர் ஃபிரெடெரிக் கேதர்வுட்டும் இரண்டாம் முறையாக இப்பகுதிக்கு வந்தபோது, உலகுக்கு அறிவிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகளான டாகரோடைப் புகைப்படக் கருவியும் உடன் வந்தது. பட்டப்பகலில் எடுத்த படங்களே மனநிறைவு தராததால் கேதர்வுட் கைச்சித்திரத்துக்கே திரும்பினார். பொலோன்சென் ஊரின் குகையை அவர் வரைந்த படம் 1844-இல் அச்சாகி வந்தது. மரக்கழிகளைச் சேர்த்துக் கட்டிய எழுபது எண்பது அடி ஏணி, அதில் தண்ணீர் சுமந்து ஏறி இறங்கும் மக்கள். அளவுநூல் பிடித்தால் அதில் பிழை காணலாம். ஆனால் கோடையில் ஓர் ஊர் எப்படி உயிர் பிழைத்தது என்பதை வேறெந்தப் படமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அதற்குப் பின் வந்த காலம் அள்ளிக்கொண்டு போகும் காலம். 1904 முதல் அமெரிக்கரான எட்வர்ட் தாம்சன், பழைய மாயா நகரமான சிச்சென் இட்சாவின் புனித நீர்க்கிணற்றைத் தூர்வாரி, பச்சைக்கல்லையும் பொன்னையும் மனித எலும்புகளையும் வெளியே எடுத்தார். அவை ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போயின. 1970-இல் ஒரு பகுதி மெக்சிகோவுக்குத் திரும்பியது. எந்தப் பொருள் எதன் அருகில், எந்த வரிசையில் கிடந்தது என்ற செய்தி திரும்பவில்லை; தூர்வாரும் வாளி அதைச் சேற்றோடு கலந்துவிட்டிருந்தது.

1959-ஐ அதனால்தான் ஒரு திருப்பம் என்கிறேன். சிச்சென் இட்சாவுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பலன்கான்சே குகையில், சுற்றுலா வழிகாட்டி ஒருவர் அடைத்துவைக்கப்பட்டிருந்த ஒரு வழியைக் கண்டார். உள்ளே, தரையையும் கூரையையும் இணைத்து மரம்போல் நின்ற சுண்ணக்கல் தூணைச் சுற்றிலும், மழைத் தெய்வத்தின் முகம் பதித்த தூபக்கலங்கள். ஹ்மேன் எனப்படும் மாயா பூசாரி, தெய்வங்களைச் சாந்தப்படுத்தாமல் உள்ளே வேலை செய்வது தகாது என்றார். ஆய்வாளர் வில்லிஸ் ஆண்ட்ரூஸ் அதற்கு இணங்கினார். ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க நடந்த அந்தச் சடங்கு ஒலிநாடாவில் பதிவானது. 1970-இல் ஆய்வறிக்கை வெளியானபோது இசைத்தட்டு ஒன்றும் அதனோடு சேர்ந்து வந்தது. கலங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. பிறகு மின்விளக்கும் படிகளும் வந்து சேர்ந்தன, பார்வையாளர்களும் வந்தார்கள். நூற்றாண்டுகளாக இருட்டிலேயே இருந்த அறைக்கு இது சிறிய மாற்றமல்ல.

2018-இல் அதே வட்டாரத்தில் பலாம்கூ குகையின் முறை. 1966-இலேயே ஊரார் அதைக் கண்டிருந்தார்கள். பார்க்க வந்த தொல்லியலாளர் வாயிலை அடைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தொல்லியலாளர் கியேர்மோ தே ஆண்டாவின் குழு உள்ளே போனது. அதற்கு முன் ஆறு மணி நேரச் சடங்கு. சில இடங்களில் வயிற்றால் ஊர்ந்துதான் நகர முடியும். 150-க்கும் மேற்பட்ட தூபக்கலங்கள். பலவற்றின் மேல் சுண்ணப்படிவு ஏறிக் கல்லோடு கல்லாகியிருந்தது. இம்முறை பொருள்களை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். கேமராவை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஒன்றின் விளிம்பு அடுத்ததில் விழும்படி படங்களை எடுக்க வேண்டும். இரு படங்களிலும் உள்ள ஒரே புள்ளியைக் கணினி அடையாளம் கண்டு, கோணங்களிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, அறையையே முப்பரிமாண உருவமாகக் கட்டித் தருகிறது. கலத்தைத் தொடாமலே அதன் வாய் விட்டத்தை அளக்கலாம். அன்று ஒரு பொருளை அறிய அதைத் தூக்க வேண்டியிருந்தது. இன்று அதன் அருகில் போனால் போதும்.

இழப்பும் உண்டு. குவாத்தமாலாவின் நாஹ் துனிச் குகையைப் பார்த்தால் புரியும். 1979-இல் கண்டறியப்பட்ட அந்தக் குகையின் சுவர்களில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கறுப்பு மைச் சித்திரங்களும் எழுத்துகளும் இருந்தன. ஆய்வாளர் ஆண்ட்ரியா ஸ்டோன் 1980-களில் அவற்றின் முன் நின்று கோடுகோடாகப் பிரதி எடுத்தார். எது தூரிகைக் கோடு, எது பாறையின் கீறல் என்று ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். அந்த நிதானத்தைப் படக்கருவி கேட்பதில்லை. அது எல்லாவற்றையும் ஒரே சிரத்தையோடு வாங்கிக்கொள்கிறது. 1989-இல் யாரோ உள்ளே புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட சித்திரங்களைச் சிதைத்தார்கள். புகைப்படங்கள் முன்பே எடுக்கப்பட்டிருந்ததால் அவற்றின் உருவமாவது மிஞ்சியது. ஆனால் பின்னால் வந்த பல்நிறமாலைப் படமெடுப்பு, ஒரே கறுப்பாகத் தெரியும் மைகளையும் தனித்தனியே பிரித்துக்காட்டக் கூடியது. அந்தக் கேள்வியைப் பழைய ஃபிலிமிடம் கேட்க முடியாது, சுவரிடம்தான் கேட்க வேண்டும். மிகச் சிறந்த படமும் அதை எடுத்த நாளின் கேள்விகளுக்கு மட்டுமே பதில் வைத்திருக்கிறது. ஆகவே பதிவு கையில் இருக்கிறது என்று குகையைக் கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேமராவும் குற்றமற்றதல்ல. பெலீஸின் ஆக்துன் துனிச்சில் முக்னால் குகையில், 2012-இல் ஒரு பயணியின் கையிலிருந்து நழுவிய கேமரா விழுந்து ஒரு மண்டையோட்டில் துளை ஏற்பட்டது. அதன்பின் பயணிகள் கேமரா கொண்டுவருவதையே தடைசெய்தார்கள்.

இப்போது அவசரம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மெக்சிகோவில் அமைக்கப்பட்ட மாயா ரயில் பாதையின் ஐந்தாம் பிரிவுக்காக, பாதையைத் தாங்க இறக்கிய எஃகுத் தூண்கள் கின்டனா ரோ மாநிலக் குகைகளின் கூரையைத் துளைத்து உள்ளே நிற்கின்றன. நிலத்தடி நீரில் முக்குளிப்பவர்களும் உயிரியலாளர்களும் அவற்றைப் படமெடுத்து வெளியிட்ட பிறகே நாடு அதைப் பார்த்தது. சடங்கறைகளைப் பதிவுசெய்யக் கற்ற அதே கண்ணும் கையும் இன்று அந்தத் தூண்களிலிருந்து கசியும் கான்கிரீட்டைப் பதிவுசெய்கின்றன. இந்தப் படங்கள் ஆய்வகத்தோடு நின்றுவிடாமல், குகைக்கு மேலே குடியிருக்கும் மாயா ஊர்களின் கையிலும் இருக்க வேண்டும். அடுத்த தூண் எங்கே இறங்கும் என்ற பேச்சு வரும்போது, எதிரில் உட்கார்ந்து வாதாட வேண்டியவர்கள் அவர்கள்தாம்.