ஒரே யந்திரம், வேறு வேறு சுவாசகோசங்கள்

1953-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி, பிலடெல்பியா நகரத்தில் ஜான் கிப்பன் என்னும் சத்திர வைத்தியர், பல வருஷங்கள் தவம்போல் உழைத்து உருவாக்கிய தமது யந்திரத்தின்மேல் ஒரு யுவதியின் ஹிருதயத்துக்கும் சுவாசகோசத்துக்கும் உரிய வேலைகளை 26 நிமிஷ நேரம் சுமத்திவைத்து, ஹிருதயத்தின் நடுச்சுவரிலிருந்த துவாரத்தைத் தைத்து மூடினார். அதுமுதல் எண்ணற்ற ஜனங்களுக்கு ஆயுளை நீட்டித்துக் கொடுத்திருக்கும் அந்த உபகாரமே, ஹிருதயம் செவ்வையாகத் துடிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு சிலருக்கு மாத்திரம் சுவாசகோசத்தில் நீர் கோத்துப் பிராணவாயு ரத்தத்தில் ஏறாத விபத்தையும் உடன் கொண்டுவருவது வைத்தியர்களை நெடுங்காலமாக வருத்திவரும் விஷயம்.

ரத்தமானது சரீரத்துக்கு அந்நியமான குழாய்களின் பரப்பைத் தொட்டவுடனே, கிருமியை எதிர்க்கவென்று அதிலுள்ள புரதங்கள் விழித்துக்கொள்ள, அவற்றால் தூண்டப்பட்ட வெள்ளணுக்கள் சுவாசகோசத்தின் நுண்ணிய ரத்தநாளங்களிலே தங்கித் தம் ரசாயனங்களைச் சொரிந்து சுவர்களைப் புண்ணாக்க, அங்கிருந்து கசியும் நீர் காற்றுப் பைகளை நிரப்புகிறது. யந்திரத்தில் ஓடும் ரத்தம் எவருடையதானாலும் இவ்வழற்சி சிறிதளவேனும் எழத்தான் செய்கிறது. ஆயினும் பெரும்பாலோர் தேறிவிட, வயதும் புகைப் பழக்கமும் யந்திரத்தில் கழிந்த நேரமும் ஏற்றிய ரத்தமும் ஒத்திருக்கும் இருவரில் ஒருவர் மட்டும் மூச்சுக்குப் போராடுவதன் காரணத்தைப் பரம்பரையிலே தேடுவது நியாயமே.

2002-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், ரத்த அழுத்தத்தை ஆளும் ஏ.சி.இ. என்னும் நொதியின் ஜீனில் ஒரு துண்டு இரு பிரதிகளிலும் இல்லாதவர்கள், தீவிர சுவாசகோசக் காயம் அடைந்தோரிடையே அதிகம் இருப்பதையும் அவர்களிலே மரணம் மிகுவதையும் கண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் யாவும் அதை உறுதிப்படுத்திவிடவில்லை. அழற்சியின் தூதனாகிய இன்டர்லூகின்-6 விஷயத்திலோ, 2001-இல் வெளிவந்த இரு ஆய்வுகளில் ஒன்று ஜீனின் ஒரு வடிவத்தையும், மற்றொன்று அதற்கு நேர் எதிரான வடிவத்தையும், ஹிருதய சிகிச்சைக்குப் பின் அப்பொருளை மிகுவிப்பதாகச் சொல்லின. அவ்வடிவங்களில் ஒன்று ஐரோப்பியரிடம் சகஜமாயும் ஜப்பானியரிடமும் சீனரிடமும் அபூர்வமாயும் இருப்பதால், ஒரு தேசத்துக் கணக்கை மற்றொரு தேசத்து நோயாளியின் தலையில் ஏற்றுவது எனக்கு அநீதியாகவே படுகிறது.

இத்தகைய ஜீன் பரிசோதனை ஒன்றை மட்டும் நம்பி எவருக்கும் சத்திர சிகிச்சையை மறுப்பது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் ஜீனைப் பாராமலே செய்யக்கூடிய காரியம் ஒன்று இப்போதே கையிலிருக்கிறது: காயமுற்ற சுவாசகோசம் கொண்ட 861 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2000-இல் வெளிவந்த சோதனையில், உயரத்தைக்கொண்டு கணித்த எடையின் கிலோ ஒன்றுக்கு 12 மில்லிலிட்டர் காற்றை வென்டிலேட்டர் செலுத்தியவரிடையே நூற்றுக்கு 39.8 ஆக இருந்த மரணம், அதை 6 மில்லிலிட்டராகக் குறைத்தவரிடையே 31 ஆக இறங்கியது.