மாமரத்தில் படர்ந்த சாம்பல் இலை



2010இல் மீள்குடியேறி எமது காணிக்கு வந்தபோது வீடு இருக்கவில்லை. மூத்தவள் பிறந்த வருடம் அவர் நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் மாத்திரம் நின்றது. அதன் அடிமரமெங்கும் சாம்பல் நிறத்தில், சிறு இலைகளைப் பட்டையோடு ஒட்டிவைத்தாற்போல வட்ட வட்டமாக ஏதோ படர்ந்திருந்தது. காய்ப்பும் இல்லை.

"உது மரத்துக்கு வந்த வருத்தம், சுரண்டி விடு" என்றார்கள் அயலில். கத்தியால் சுரண்டினேன். பட்டை காயப்பட்டுப் பிசின் வடிந்ததுதான் மிச்சம். கடைசியில் மரத்தை விறகுக்குக் கொடுக்க ஆளும் பேசிவிட்டேன்.

நல்லகாலம், அந்தக் கிழமை விவசாயப் போதனாசிரியை வந்தார். "அக்கா, வெட்டிப்போடாதேங்கோ. உது வருத்தமில்லை, இலைக்கன்" என்றார்.

பங்கசு ஒன்றும் அல்கா ஒன்றும் சேர்ந்து நடத்தும் குடித்தனமே இலைக்கன். அல்கா வெயிலில் உணவு தயாரிக்கும். பங்கசு அதற்கு வீடாக இருந்து ஈரத்தைக் காக்கும். பட்டையில் ஒட்டியிருக்குமே தவிர மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மழையும் பனியும் காற்றில் வரும் தூசியும் அதற்குப் போதும்.

வெப்ப நாடுகளில் மா, தென்னை போன்றவற்றில் படரும் இலைபோன்ற இனங்களில் ஒன்று பிக்சீன் கோகோஸ். தென்னையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். வாகனப் புகைக்குப் பல இலைக்கன்கள் அழிந்துவிடும், இது தாக்குப்பிடிக்கும். இந்தியாவின் லக்னோ நகரில் இதைச் சேகரித்துத்தான் காற்றில் கலந்த உலோகங்களை அளந்தார்கள்.

இலைக்கன் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளருமாம். உள்ளங்கையளவு வட்டமாகப் பல வருடம் வேண்டும். நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்த காலமெல்லாம் அது அங்கேயே இருந்து வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் மரம் ஏன் நொந்தது? போதனாசிரியை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். இரண்டு கொப்பில் குருவிச்சை! அதுதான் மரத்துக்குள் வேரிறக்கிச் சாறு குடிப்பது. இலை குறைந்து அடிமரத்தில் வெயில் விழ, இலைக்கன் நன்றாகப் படரும். பழியும் அதன் தலையில் விழும்.

குருவிச்சை பிடித்த இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஒரு முழம் தள்ளிக் கொப்பைத் தறித்தோம். பாத்தி கட்டி, எருப் போட்டு, கிணற்றுத் தண்ணீர் விட்டோம். இலைக்கனைத் தொடவில்லை.

மூன்றாம் வருடம் சந்தைக்குக் கொடுக்குமளவு காய்த்தது. இளையவளின் கொப்பி, சப்பாத்துச் செலவு அதில்தான் போனது. விறகுக்குப் பேசிய ஆள் இப்போது மாம்பழம் கேட்டு வருகிறார்.