மாதவலியும் தீராச் சோர்வும்

"பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துத்தான் ஆகவேண்டும்." பாசிர் பெனம்பாங் மீன்துறையிலும், ஆற்றுக்கு அப்பாலுள்ள கோலசிலாங்கூரிலும், பெஸ்தாரி ஜெயாவை அடுத்த செம்பனைத் தோட்டங்களிலும் மாதவலியைப் பற்றி வழங்கும் பேச்சு இது. எல்லா வலிக்கும் இது பொருந்தாது.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சிலருக்குச் சூலகத்திலும் குடலின்மேலும் பிற அடிவயிற்று உறுப்புகளிலும் படர்ந்து, அங்கே அழற்சியையும் தழும்பையும் உண்டாக்குகிறது. இதுவே எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய். குழந்தை பெறும் வயதினருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டென்று உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை.

சென்னையில் 1970இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமியின் வரலாறு எண்ணத்தக்கது. பதின்மூன்று வயதில் தொடங்கிய வலிக்கு அவர் பெயர் அறிந்தது முப்பத்தாறாம் வயதில்தான். இத்தனைக்கும் அவருடைய தாயார் மருத்துவத் தாதி! 2009இல் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து அவர் இந்நோய்க்கென ஓர் அறநிறுவனம் அமைத்தார். கல்வியும் வசதியும் உள்ள இல்லத்திலேயே இத்தனை ஆண்டு சென்றதெனில், விடியலில் பெரட்டுக்கு நிற்க வேண்டியவளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

வலியைவிடச் சோர்வே பிறர்க்குப் புலப்படாதது. அழற்சியும், வலியால் கெட்ட உறக்கமும், மிகுந்த உதிரப்போக்கால் வரும் சோகையும் அதற்குக் காரணங்கள். குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்குபவளைச் சோம்பேறி என்பது எளிது. உதிரத்தைச் சோதித்துப் பார்ப்பதே முறை. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். ஆதலின் தேநீரைச் சிறிது நேரம் கழித்து அருந்தலாம்.

நோயோடு நாளை நடத்துவதற்கும் ஒரு முறை உண்டு. நலமாயிருக்கும் நாளில் துணி, விறகு, வீடு என எல்லா வேலையையும் ஒருங்கே முடித்துவிட்டு மறுநாள் படுக்கையில் வீழ்வதே பெரும்பாலோர் வழக்கம். வேலையைப் பகுத்து, களைக்கும் முன்னரே இடையிடையே அமர்வது நன்று. வெந்நீர்ப் பை வலியைத் தணிக்கும். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் உணவுக்குப் பின் கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் இரைப்பை புண்படும். மாதவிடாயை அடக்கும் இயக்குநீர் மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. திருமணமோ பிள்ளைப்பேறோ இதற்கு மருந்தாகா. அவ்வாறு சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேரோ!

வலி வந்த நாள், அதன் கடுமை, தவறிய வேலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது பெரும்பயன் தரும். ஸ்கேன் படத்தில் ஒன்றும் தெரியாததாலேயே நோய் இல்லை என்றாகாது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் மாதவிடாய்க்கெனத் தனி விடுப்பு இல்லை. ஆயினும் பணிக்காலத்திற்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவரின் எம்.சி. இருந்தால் நாட்கூலி இழக்க வேண்டுவதில்லை.

ஆசிரியர்களிடமும் ஒரு சான்று உள்ளது. மாதந்தோறும் ஒரே மாணவி இரண்டு மூன்று நாள் வராதிருப்பதை வருகைப் பதிவேடு காட்டும். அதை ஆசிரியை ஒருவர் தாயாரிடம் தனியே எடுத்துரைத்தால், சுகாதார மருந்தகத்திற்கு அச்சிறுமி பத்தாண்டு முன்னதாகவே போய்ச் சேரலாம்.