தானே நாடா இறுக்கும் பாதரக்ஷை

நடுக்குவாதமுற்ற முதியோர்க்குப் பாதரக்ஷையின் நாடாவை முடிதலும் அரிய காரியமாம். 1989-இல் வெளிவந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ இரண்டாம் பாகப் படத்தில், மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் என்னும் நடிகர் அணிந்த பாதரக்ஷை தானே நாடாவை இறுக்கிக்கொண்டது. அது படப்பிடிப்புத் தந்திரமே. பின்னர் பார்க்கின்சன் எனப்படும் அந்நடுக்குநோய் அவரையே பற்றியது.

2011-இல் நைக்கி கம்பெனியார் அவ்வடிவில் 1,500 ஜோடிகளை ஏலமிட்டு, அந்நோயின் ஆராய்ச்சிக்கென அவர் நிறுவிய ஸ்தாபனத்திற்குப் பொருளுதவினர். அவை தாமே இறுகவில்லை. படக்கதை குறித்த 2015 அக்டோபர் 21 அன்றே, உண்மையில் இறுகும் முதல் ஜோடி அவரை அடைந்தது. பாதம் உட்புகுந்ததை உணர்கருவி அறிவிக்க, சிறு மின்மோட்டார் நாடாவை இறுக்கும்.

ஆதம்பாக்கத்தில் காலையில் உலாவச் செல்லும் முதியோர்க்கும் எட்டும் விலையில் இது கிடைக்கும் நாளே, அக்கற்பனை நிறைவுறும் நாளாகும்.