களமேற்றலும் கட்டளை வரியும்: ஜாவா வழங்கிகள் குறித்து ஒரு நோக்கு

உற்பத்திக் கருவிகள் எவருடைய உடைமை என்னும் வினாவோடு, அவற்றை இயக்கும் அறிவு எவரிடம் தங்கியுள்ளது என்னும் வினாவும் இணைத்து நோக்கப்படல் வேண்டும். ஆலை இயந்திரம், அச்சியந்திரம் ஆகியன குறித்து எழுப்பப்பட்ட இவ்வினா கணினி வழங்கிக்கும் பொருந்துவதாகும். நமது பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பல, ஜாவா மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்கள் வாயிலாகவே இன்று வாசகரை அடைகின்றன. அம்மென்பொருள்களை இயங்குநிலைக்குக் கொணரும் வேலையோ, ஓரிருவர் மட்டும் அறிந்த தொழில் மறைபொருளாக இருந்துவிடக்கூடியது. அவ்வேலையின் இயல்பை விளக்கி, அதனைப் பொதுவறிவாக்கும் வழியொன்றைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவியின் வடபால், வந்தாறுமூலையிலே, 1981 ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 இல் போருக்கு அஞ்சிய மக்கள் அகதிகளாகத் தஞ்சம் புகுந்த வளாகமும் அதுவே. இத்தகையதொரு நிறுவனத்தில் எழுத்துகளைப் பேணுதல் வெறும் நூலகக் கடமையன்று. ஒரு சமூகத்தின் நினைவைக் காக்கும் பணியாகும். யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களின் நூலகங்களைப் போன்று, கிழக்குப் பல்கலைக்கழக நூலகமும் தனது எண்ணிமக் களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தி வந்துள்ளது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன நூலகமும் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனமும் இணைந்து 2002 இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. அதன் மூல நிரல் எவருக்கும் திறந்துள்ளது. ஆயினும் மூல நிரல் கையிலிருப்பது வேறு, அதனை இயக்கத் தெரிந்திருப்பது வேறு.

ஜாவாவில் எழுதப்பட்ட வலைச் செயலியானது பெரும்பாலும் தனித்து இயங்குவதில்லை. அதன் பகுதிகள் யாவும் 'வார்' எனப்படும் ஒரே பொதிக்கோப்பாகக் கட்டப்படுகின்றன. அப்பொதியை ஏற்று, விரித்து, வாசகர் விடுக்கும் வேண்டுகோள்களை அதனிடம் சேர்ப்பித்து, தரவுத்தளத் தொடர்பு, பாதுகாப்பு முதலிய பொதுத் தேவைகளை வழங்கும் மென்பொருளே செயலி வழங்கியாகும். கிளாஸ்பிஷ், வைல்ட்பிளை என்பன முழுமையான செயலி வழங்கிகள். டிஸ்பேஸ் வழக்கமாகச் சார்ந்துள்ள ரொம்கற், அவற்றின் ஒரு பகுதிப் பணியை மட்டும் ஆற்றும் எளிய வழங்கியாகும்.

மட்டக்களப்புக் கூத்து மரபை அறிந்தோர்க்கு இவ்வுறவை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. வட்டக்களரி ஒன்றே, அதில் இன்று ஒரு கூத்தும் நாளை பிறிதொன்றும் ஆடப்படலாம். கூத்துத்தோறும் களரியின் அமைப்பு மாறுவதில்லை. எனினும் கூத்து நேரே களரிக்கு வந்துவிடுவதில்லை. அண்ணாவியார் சட்டம் கொடுத்தல், பயிற்சி, அடுக்குப் பார்த்தல் ஆகிய படிகளைத் தாண்டிய பின்னரே அரங்கேற்றம் நிகழும். செயலியும் சோதனை வழங்கியில் அடுக்குப் பார்க்கப்பட்ட பின்னரே பொது வழங்கிக்குச் செல்லுதல் முறையாகும். இறுதிப் படியைக் குறிக்கச் சிலர் 'வரிசைப்படுத்தல்' என எழுதுகின்றனர். படையை அணிவகுக்கும் பொருளிலிருந்து பெயர்க்கப்பட்ட அச்சொல் இங்கு மயக்கமே தருகின்றது. 'களமேற்றல்' என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகின்றது.

களமேற்றலுக்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, உலாவியில் நிருவாகப் பக்கத்தைத் திறந்து, சுட்டியால் பொத்தான்களை அழுத்திப் பொதிக்கோப்பை ஏற்றுதல். இரண்டாவது, கட்டளை வரியில் எழுத்தால் ஆணையிடுதல். கிளாஸ்பிஷ் வழங்கியில் 'ஏஎஸ்அட்மின்' என்னும் கருவி இதற்கென உள்ளது. ஆணைகள் உரோமன் எழுத்திலேயே தட்டச்சிடப்படுவன. இங்கு அவற்றின் ஒலிவடிவம் மட்டுமே தரப்படுகின்றது. 'ஸ்டார்ட்-டொமைன்' வழங்கியை எழுப்பும். 'டிப்ளோய்' என்பதை அடுத்துப் பொதிக்கோப்பின் பெயரை எழுதினால் செயலி களமேறும். 'கொன்டெக்ஸ்ற்ரூட்' என்னும் தெரிவு, செயலி எந்த முகவரிப் பாதையில் வாசகருக்குக் கிட்டும் என்பதைத் தீர்மானிக்கும். 'லிஸ்ற்-அப்ளிகேஷன்ஸ்' களத்திலுள்ளவற்றைப் பட்டியலிடும். 'ரீடிப்ளோய்' புதிய பதிப்பை ஏற்றும். 'அன்டிப்ளோய்' செயலியைக் களத்திலிருந்து இறக்கும்.

ஒவ்வோர் ஆணையும் முடிவுற்றதும் ஓர் எண்ணைத் திருப்பித் தருகின்றது. சுழியம் வெற்றியையும் பிற எண் தோல்வியையும் குறிக்கும். ஆகவே பல ஆணைகளை ஒரே கோப்பில் வரிசையாக எழுதி, ஒன்று தவறின் அடுத்தது நிகழாதவாறு தடுக்கலாம். 3.1 ஆம் பதிப்பு முதல் கிளாஸ்பிஷ், ஒரே செயலியின் பல பதிப்புகளைப் பெயருடன் சேர்த்து வைத்திருக்கவும் இடமளிக்கின்றது. புதியது பழுதாயின் பழைய பதிப்பை ஓராணையால் மீட்டுவிடலாம். கடவுச்சொல்லை மட்டும் இக்கோப்பில் எழுதலாகாது. அது பிறர் படிக்கவியலாத தனிக்கோப்பில் இருத்தல் வேண்டும். 'பாஸ்வேர்ட்பைல்' என்னும் தெரிவு அதற்கெனவே உள்ளது.

இவ்விரு வழிகளின் வேறுபாட்டை வெறும் வசதி சார்ந்ததாகக் கொள்ளுதல் போதாது. சுட்டியால் செய்த வேலை, செய்து முடித்த கணத்திலேயே மறைந்துவிடுகின்றது. எந்தப் பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது என்பது செய்தவரின் ஞாபகத்தில் மட்டுமே எஞ்சும். அவர் இடமாற்றம் பெற்றால், வெளிநாடு சென்றால், அறிவும் உடன் செல்லும். கட்டளைக் கோப்போ ஒரு பிரதியாகும். அதனைப் படிக்கலாம், திருத்தலாம், விவாதிக்கலாம், மாணவருக்குக் கற்பிக்கலாம். வந்தாறுமூலையில் எழுதப்பட்டதை ஒலுவிலில் உள்ளவர் சிறு மாற்றங்களுடன் பயன்படுத்தலாம். மேலும், எழுத்து மட்டுமே வலையமைப்பின் வழியே செல்வதால், தொடர்பு மந்தமான இடத்திலிருந்தும் தொலைவிலுள்ள வழங்கிக்கு ஆணையிட முடிகின்றது.

கருவிகளின் உடைமை பற்றிய வினாவும் இவ்விடத்து எழுகின்றது. ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2010 இல் ஒராக்கிள் கையகப்படுத்தியது. ஜாவாவின் நிறுவனத் தளத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கையளிப்பதாக 2017 இல் ஒராக்கிள் அறிவித்தது. 2018 இல் அத்தளம் ஜகார்த்தா எனப் பெயர் பெற்றது. நிரல் கையளிக்கப்பட்டது, பெயருரிமை கையளிக்கப்படவில்லை. 'ஜாவாஎக்ஸ்' எனத் தொடங்கும் பழைய பெயர்வெளியை மாற்றி வளர்ப்பது குறித்து 2019 இல் உடன்பாடு எட்டப்படாமற் போயிற்று. அதனால் 2020 இல் வெளிவந்த ஜகார்த்தா 9 இல் அப்பெயர்கள் 'ஜகார்த்தா' என மாற்றப்பட்டன. விளைவாக, பழைய பெயர்களை நம்பி எழுதப்பட்ட செயலி ரொம்கற் 10 இல் மாற்றமின்றி இயங்காது. டிஸ்பேஸ் 7 ரொம்கற் 9 ஐச் சார்ந்திருக்க, 2024 இல் வந்த டிஸ்பேஸ் 8 ரொம்கற் 10.1 ஐ வேண்டி நிற்கின்றது. உலகின் மறுகோடியில் வணிகச் சின்னம் பற்றி எழுந்த பிணக்கு, வாவிக்கரை நூலகமொன்றின் வேலைச்சுமையாக வந்து முடிகின்றது. களமேற்றும் முறை எழுத்தில் இருப்பின் எவ்வரியை மாற்றுதல் வேண்டும் என்பது தெளிவாகும். இல்லையெனில் யாவற்றையும் முதலிலிருந்து தேடுதல் வேண்டும்.

ஓர் எதிர்வாதத்தையும் இங்கு மனங்கொள்ளல் அவசியமாகும். தொழிலாளியின் திறனை எழுத்தில் வடித்தல், அத்திறனை அவனிடமிருந்து பறித்து முகாமையாளரிடம் ஒப்படைக்கும் உத்தியாகவும் அமையலாம். டெய்லரின் 'விஞ்ஞான முகாமைத்துவம்' இத்தன்மையதே என்பதை ஹரி பிரேவர்மன் 1974 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக நிறுவினார். கட்டளைக் கோப்புக்கும் இவ்விரு முகங்கள் உண்டு. பெருநிறுவனங்களில் அது ஆட்குறைப்பின் கருவியாகவும் அமையக்கூடியது. ஆகவே, அதனை எழுதுபவர் யார், அது எவர் கையில் உள்ளது, அதனை மாற்றும் அதிகாரம் எவருக்குண்டு என்பனவே தீர்க்கமான வினாக்களாகும். வேலை செய்வோரே எழுதி, தமக்குள் பகிர்ந்து, தாமே திருத்தும் பிரதியாக அது அமையுமிடத்துத் திறன் பறிபோவதில்லை, பெருகுகின்றது. இயந்திரங்களில் உறைந்துள்ள சமூகத்தின் பொது அறிவு பற்றி 1857-58 ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் மார்க்ஸ் சிந்தித்தவற்றுக்கு இது பொருத்தமானதோர் உதாரணமாகும்.

செய்யவேண்டியது பெரிதன்று. களஞ்சியத்தைப் பேணும் ஒவ்வொரு நூலகமும், தனது களமேற்றல் ஆணைகளைக் கோப்பாக எழுதி, தமிழில் விளக்கக் குறிப்புகளைச் சேர்த்து, ஏனைய நூலகங்களுடன் பகிர்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும், முன்னர் அவ்வேலையைச் செய்திராத ஒருவர் அக்கோப்பை மட்டும் கொண்டு வெற்றுக் கணினியொன்றில் களஞ்சியத்தை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அது கூடுமாயின் அறிவு பொதுவுடைமையாகியுள்ளது எனலாம். கூடாதாயின், ஆய்வேடுகள் வழங்கியில் இருந்தும் பூட்டிய அலுமாரியில் இருப்பனவே. திறப்பு ஒருவரது சட்டைப்பையில் இருக்கின்றது.